ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்ட்: சில நாள் குறிப்புகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மதியம் மதுரை மாட்டுத்தாவணியில் ஏறி, இருட்டுவதற்குள் ராமேஸ்வரத்தில் இறங்கியாயிற்று. சுமார் 170 கிலோமீட்டர், டிக்கெட் 150 ரூபாய்க்குள். 2018 ஜனவரியில் வைத்த ரேட்தான் இன்னும் ஓடுகிறது: சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரசுக்கு 75. அதற்குப் பிறகு டீ விலை எங்கேயோ போய்விட்டது. என்னை மாதிரி ஆட்கள் இன்னும் ஊர் சுற்ற முடிவதே இந்த பைசாக் கணக்கால்தான்.

பரமக்குடி தாண்டும்வரை பாதி பஸ் தூங்கியது. மண்டபம் ஊரைத் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஒட்டுமொத்தமாக விழித்துக்கொண்டு, ரயில் பாலம் தெரியும் பக்கமாகச் சாய்ந்தது. எல்லார் கையிலும் போன். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப்பாலம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறும். இன்று கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு சின்னப் பையன், "எப்பப்பா தூக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. தினமும் பார்க்கிறவருக்கு என்ன!

பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு மேற்கே தள்ளி, ஹைவேயை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்கு இன்னும் 2 கிலோமீட்டர் போல. இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, முகத்தைப் பார்த்தே ஹிந்தியா தெலுங்கா என்று முடிவு செய்து பேசுகிறார்கள். நான் தமிழில் பதில் சொன்னதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. டவுன் பஸ் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது, "கோயில், கோயில்" என்று கூவிக்கொண்டு.

ரூம் தேடியது தனிக்கதை. கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் கேட்டேன். "எத்தனை பேர் சார்?" "ஒருத்தன்தான்." "சிங்கிளுக்குக் கொடுக்கிறதில்ல சார்." அடுத்த இடத்திலும் அதே வசனம். தனியாக வரும் ஆம்பளை என்றால் கோயில் ஊர்களில் இப்படித்தான். ஏதோ விபரீதம் பண்ணிக்கொள்ள வந்தவன் என்று பயப்படுகிறார்கள். ஆதாரைக் காட்டி, திரும்பிப் போகிற நாளையும் சொன்ன பிறகு, பஸ் ஸ்டாண்ட் பக்கமே ஒரு சின்ன லாட்ஜில் இடம் கிடைத்தது. வாடகை கோயில் பக்கம் சொன்னதில் பாதி. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் அடிக்கும் விசில் கேட்கும்.

பிப்ரவரி 4, புதன்

விடிகாலை டவுன் பஸ்ஸில் அக்னி தீர்த்தம். கடலில் முங்கிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஈரத் துணியோடு டவுன் பஸ்ஸில் திரும்பி வருவது இங்கே சகஜம். சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

டீக்கடைப் பெரியவர் ஒருவரிடம், இந்த ஸ்டாண்ட் எப்போதிருந்து என்று கேட்டேன். "பாலம் வந்த பொறகு தானே தம்பி பஸ்ஸே வந்துச்சு. அதுக்கு முந்தி எங்கிட்டுப் போறதா இருந்தாலும் ரயிலுதேன்" என்றார். யோசித்தால் ஆச்சரியம்தான். ரயில் 1914-லேயே கடலைத் தாண்டிவிட்டது. பஸ் தாண்ட 1988 அக்டோபர் 2 வரை ஆனது, ராஜீவ் காந்தி ரோட்டுப் பாலத்தைத் திறந்துவைத்த நாள். 1974-ல் ஆரம்பித்த வேலை. இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பாலத்துக்கு 14 வருஷம். 1964 புயலில் உடைந்த ரயில் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். அவருக்கு அந்த அவசரம் ஏன் என்று இப்போது புரிகிறது. ரயிலை விட்டால் தீவுக்குப் படகுதான்.

பின்னால் அந்தக் கணக்கு தலைகீழானது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப்பாலம் திறக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே கிடையாது. வடக்கேயிருந்து வந்த கூட்டமெல்லாம் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்துத்தான் உள்ளே வந்தது. பெரியவருக்கு அது நல்ல வியாபார காலம். "இப்ப மறுபடி ரயிலு வந்துருச்சு" என்றார், வருத்தமா சந்தோஷமா என்று பிடிபடாத குரலில்.

மத்தியானம் மதுரைப் பக்கம் போகும் பஸ்ஸில் பேய்க்கரும்பு. கலாம் நினைவிடம். கண்டக்டரிடம் "கலாம்" என்றால் போதும், இறக்கிவிடுவார்.

பிப்ரவரி 5, வியாழன்

இந்த ஊர் பஸ்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை காலையில் பார்க்க வேண்டும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை மீனோடு வரும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் பாம்பன் பக்கம் போகும் பஸ்களுக்கே வேறு வாசனை.

கோயில் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன். பின்படிக்குப் பக்கத்தில் வரிசையாக அன்னக்கூடைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஈரச் சாக்கு, மேலே பாலிதீன். எனக்கு எதிரே இருந்த அக்கா கூடையில் பாதி காரல், பாதி நண்டு. நண்டு உயிரோடு இருந்தது. ஒன்று பாலிதீனைக் கிழித்துக்கொண்டு கொடுக்கை வெளியே நீட்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையால் தட்டி உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பேச்சு ஐஸ் விலையைப் பற்றி.

கண்டக்டர் வந்தார். "ஆத்தா, தண்ணி ஒழுகுனா இறக்கி விட்டுருவேன்."

"ஒழுகுனா ஒன் சட்டையில தொடச்சுக்க. லக்கேஜ் எம்புட்டு? அதச் சொல்லு."

சுருக்குப் பையிலிருந்து காசு வந்தது, கூடைக்கு மட்டும். அவருக்கு டிக்கெட் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியது நானும், பள்ளிவாசல் போகும் ஒரு பாயும், இன்னும் இரண்டு மூன்று ஆம்பளைகளும்தான். இலவசம் என்பதால் பஸ் நஷ்டம் என்று சென்னையில் உட்கார்ந்து பேசுகிறவர்களை இந்தப் பஸ்ஸில் ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும். பஸ் காசு மிச்சமானால் அக்கா இன்னும் இரண்டு ஊர் தள்ளிப் போய் விற்கிறார். அதைத்தான் அவரே சொன்னார்: "முன்னயெல்லாம் தங்கச்சிமடத்தோட சரி. இப்ப அங்கிட்டும் போறேன்."

தங்கச்சிமடத்தில் மீன் பாதி இறங்க, பூ ஏறியது. அந்த ஊரில் மல்லிகைப் பதியன் போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஈரக் கோணியில் சுற்றிய நாற்றுக் கட்டுகளோடு ஒருவர் ஏறி, நண்டுக் கூடைக்கு மேலேயே வைக்கப் பார்க்க, ஒரு சின்னச் சண்டை. மீனும் மல்லிகையும் சேர்ந்து அடித்த அந்த வாடையை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

பாம்பனில் இறங்கி, கடைத்தெருவில் இடியாப்பம் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கோயில் பார்த்துவிட்டு ஆட்டோவில் சுற்றிப் போகிறவர்கள் ராமேஸ்வரத்தைப் பார்ப்பதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பார்ப்பது கோயிலை. ஊர் இருப்பது டவுன் பஸ்ஸின் பின்படியில்.

பிப்ரவரி 6, வெள்ளி

தனுஷ்கோடி. ஜீப், வேன், ஆட்டோ என்று ஆளாளுக்கு ஒரு ரேட் சொல்கிறார்கள். அரசு பஸ் இருக்கிறதா என்று கேட்டால் அதில் ஒருவருக்கும் காது கேட்காது. டைம் கீப்பரிடம்தான் கேட்க வேண்டும். அவர் மேஜையில் நோட்டு இருக்கிறது. எது கிளம்பியது, எது வரும் என்று வாயிலேயே சொல்லிவிடுவார். போனில் வரும் நேரத்தை நம்புவதைவிட அது மேல்.

ஜன்னலோரம் கிடைத்தது. கோதண்டராமர் கோயில் திருப்பத்தைத் தாண்டும்போது ஆழமில்லாத தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு. பூநாரைகள். இந்த மாதங்களில் வரும். பஸ் நிற்காது, அதனால் அரை நிமிஷம்தான். கோதண்டராமர் கோயில் 1964 புயலில் தப்பியது. தனுஷ்கோடி தப்பவில்லை. டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. அதற்கு முன்பு மெட்ராசில் போட் மெயில் ஏறினால் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். ஒரே டிக்கெட்டில் கொழும்பு போன இடத்துக்கு, 2017-ல் தார் ரோடு போட்ட பிறகுதான் முனைவரை வண்டி போகிறது. நடுவில் இருந்த ஐம்பது வருஷமும் மணலில் ஜீப்தான், இல்லையென்றால் நடைதான்.

இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் இறங்கினேன். கடை போட்டிருப்பவர்கள் பாதிப் பேர் அங்கேயே ஓலைக் குடிசைகளில் இருக்கும் மீனவர்கள். சங்கு, சோழி, பொரித்த மீன். மீன் விலையை வாயைத் திறந்து கேட்டுவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு கேட்டால் விலை வேறு. வடக்கே பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. சாதாரணமாக வடக்குப் பக்கம்தான் சாது, பெண் கடல் என்பார்கள். இன்று வாடைக்காற்றில் அதுதான் சீறிக்கொண்டிருந்தது. ஆண் கடல் சும்மா கிடந்தது.

மாலையானால் போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். நல்ல கூட்டம். நின்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 7, சனி

எங்கும் போகவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை என்றால் கூட்டம் வேறு மாதிரி. மதுரை பஸ் ஒவ்வொன்றும் குடும்பம் குடும்பமாக இறக்கிவிடுகிறது. ஒரு மராத்திப் பாட்டி, பித்தளைச் செம்பில் கங்கை ஜலம். காசியிலிருந்து கொண்டு வந்து இங்கே அபிஷேகம் பண்ணி, இங்கிருந்து மணல் எடுத்துப் போய் அங்கே கரைக்க வேண்டும். செம்பின் வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தார். கூட்டத்தில் யாரோ இடித்ததும் முதலில் பார்த்தது செம்பைத்தான், தன் காலை அல்ல.

இனி வருகிறவர்களுக்கு உதவலாம் என்று சில. சில்லறை நிறைய வைத்துக்கொள்ளவும். டவுன் பஸ்ஸில் 500 ரூபாயை நீட்டினால் கண்டக்டர் உங்களைப் பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. தண்ணீர் வாங்கித்தான் குடிக்க வேண்டும், தீவில் பல இடத்தில் குழாய்த் தண்ணீர் உப்பு. போன் சார்ஜ் வேண்டுமென்றால் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்கவும். ராத்திரி ஸ்டாண்டிலேயே தங்க நினைக்காதீர்கள். கொசு ஒரு பக்கம், வாடைக்காற்று மறுபக்கம். அமாவாசைக்கு மட்டும் தயவுசெய்து வராதீர்கள், அதுவும் ஆடி, தை அமாவாசை. பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை திருச்செந்தூர் பஸ். ராமநாதபுரம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி. மதுரை போய்ச் சுற்றுவதைவிட இது நேர்வழி, கூட்டமும் குறைவு.

ஏர்வாடியில் தர்காவுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். சாயல்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் பனைதான். முள்ளுக்காடு, உப்பளம், மறுபடி பனை. ரோட்டோரம் பனங்கிழங்கு அவித்து விற்கிறார்கள். டிரைவரும் கண்டக்டரும் டீக்கு இறங்கிய இடத்தில் ஒரு கட்டு வாங்கினேன். உரித்து, நடு நாரை இழுத்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்கு இரண்டு கொடுத்தேன். அவர் வேம்பாரில் இறங்குகிறவர். "திருச்செந்தூர் ஸ்டாண்டு கோயிலுக்குப் பக்கத்துலயே சார், உங்களுக்கு டவுன் பஸ் செலவு மிச்சம்" என்றார்.

தூத்துக்குடியில் பஸ் அரை மணி நேரம் நிற்குமாம். மக்ரூன் வாங்க நேரம் இருக்கிறது.