வடக்குப் பார்த்த ஜன்னல்

ஜூலை 12, 2025, சனி

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கட்டட உரிமையாளரின் மகன் வந்தார். "டீச்சர், அப்பா போன பிறகு நாங்க மூணு பேரும் பேசி முடிவெடுத்துட்டோம். இதை இடிச்சுட்டு காம்ப்ளக்ஸ் கட்டப் போறோம். புரட்டாசிக்குள்ள காலி பண்ணித் தந்தா உபகாரமா இருக்கும்." சத்தம் கூட்டாமல், மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு முன்பக்கம் போய் நகைப் பட்டறையிலும், நடு அறையில் போர்டு எழுதும் ஓவியரிடமும் அதையே சொன்னார்.

நாகர்கோவில் வடசேரியில் கனகமூலம் சந்தைக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் ஓட்டுக் கட்டடம் இது. உத்திரத்தில் 1098 என்று செதுக்கியிருக்கிறது. அது கொல்லம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1922-23. பின்பக்கக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். சிவப்புக் காவித் தரை, எத்தனையோ கால்கள் தட்டித் தட்டி வழுவழுப்பாகிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பட்டறை மூத்த அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது ரசவடை வாங்கி வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். இன்று பொட்டலத்தைத் தொடவே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். பரதநாட்டிய மேடையில் பார்க்கிற நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், மாங்காய் மாலை, ஒட்டியாணம் இதெல்லாம் இந்தத் தெருக்களில் கையால் செய்யப்படுபவை. முதலில் கோவில் விக்கிரகங்களுக்குச் செய்தார்கள், பிறகுதான் மேடைக்கு வந்தது. நாகர்கோவில் கோவில் நகைகள் என்று புவிசார் குறியீடும் உண்டு. வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, கெம்பு என்கிற சிவப்புக் கல்லைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை அழுத்தி அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். ஒரு ஜடைநாகத்தில் எத்தனை கல் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

அண்ணனின் பலகை வடக்கு ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அங்கே நாள் முழுக்க வெளிச்சம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், நேர் வெயில் அதிகம் விழாது. "டியூப் லைட்டுல பாத்தா கல்லுல உள்ள கீறல் தெரியாது டீச்சரே. சேப்புலயே நாலு சேப்பு உண்டு, எல்லாம் ஒண்ணு போலத் தோணும்" என்றார். நகை வாங்கும்போது நான் பார்ப்பது அந்த நாலு சேப்பும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதைத்தான். அது அந்த ஜன்னலால் வருகிறது என்று இன்றுதான் புரிந்தது.

ஜூலை 19, சனி

அண்ணனையும் ஓவியரையும் கூட்டிக்கொண்டு வாடகைக்கு இடம் தேடினேன். நாலு இடம் பார்த்தோம். முதல் வீட்டில் "ஆசிட் வாசம் வரும்லா" என்றார்கள். இரண்டாவது வீட்டில் கேஸ் சிலிண்டரும் ஊதுகுழலும் என்றதுமே கதவைச் சாத்தாத குறை. மூன்றாவது மாடியில் இருக்கிறது, அண்ணனுக்கு முட்டு வலி. நாலாவது நல்ல இடம்தான், ஆனால் ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம்.

அதில் என்ன கஷ்டம் என்று எனக்கும் முதலில் தெரியவில்லை. பிறகு அண்ணன் விளக்கினார். கூடு கட்டுவது ஒருவர், கல் வைப்பது இவர், மெருகு போடுவது அடுத்த தெருவில் ஒரு சித்தப்பா. ஒரு நகை முடிவதற்குள் நாலைந்து தடவை கைமாறும். இப்போது ஒரு டப்பாவில் போட்டு, பையனிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வெள்ளியையும் தங்கத் தகட்டையும் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏற முடியுமா? ஒருவர் இடம் மாறினால் மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும்.

எனக்கு ஒரு கூடம் கிடைத்துவிடும். எங்காவது கல்யாண மண்டபத்தின் மாடியிலாவது வகுப்பு நடத்துவேன். அவர்களுக்கு அப்படியில்லை.

ஜூலை 28, திங்கள்

பழைய மாணவி ஒருத்தி இப்போது வக்கீல். "எழுத்துல ஒப்பந்தம் இருக்கா அக்கா?" என்றாள். இல்லை. மூன்று பேரிடமும் இல்லை. பெரியவர் இருந்த காலத்தில் மாதம் பிறந்தால் கையில் கொடுப்போம், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான்.

2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டுமாம். எழுதாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகலாம். இடித்துக் கட்டுவதும் ஒரு காரணம். கட்டிய பிறகு பழைய வாடகைதாரர் திரும்ப வரலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் சம்மதித்து, புது ஒப்பந்தமும் கொடுத்தால் மட்டும்தானாம். "கேஸ் போட்டா காலத்தை இழுக்கலாம் அக்கா, இடம் கிடைக்காது. பேசிப் பாருங்க" என்றாள்.

இத்தனை வருடம் நான் ஒரு காகிதம் கேட்காமல் இருந்ததற்காக வருத்தப்படுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது வாடகைப் பட்டறையில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே எழுதி வாங்குங்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனோம். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், அண்ணனின் மருமகன் விண்ணப்பம் எழுதிவிட்டான். மெஷின் வாங்கலாம், வெள்ளி வாங்கலாம். உட்கார இடத்துக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வகுப்புக்கு ஒரு சின்ன நடராஜர் சொல்லியிருந்தேன், அதைப் பார்க்க மயிலாடி போனேன். ரோட்டோரம் வரிசையாகக் கொட்டகைகள், உளிச்சத்தம், மெஷின் சத்தம், இலை மேலெல்லாம் வெள்ளைத் தூசி. அங்கே யாரும் யாரையும் சத்தம் போடாதே என்று சொல்வதில்லை. ஊரே அந்த வேலையில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் சிற்பிதான். வடசேரியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். இப்போது நாகர்கோவில் மாநகராட்சி, சென்ட் விலை ஏறிவிட்டது. ஆசாரிமார் தெருவில் வேறு ஆட்கள் குடிவந்து, பட்டறைச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி இரண்டாம் ஞாயிறு. நாகராஜா கோவிலில் பாலும் மஞ்சளும் கொடுத்துவிட்டு, நேராக உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். ஆறு பெற்றோரும் கூட வந்தார்கள்.

சண்டை போடப் போகவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஓடு ஒழுகுகிறது, மூன்று பங்கு பிரிக்க வேண்டும், நாங்கள் கொடுக்கும் வாடகை வரி கட்டவே பத்தாது. நான் கேட்டது ஒன்றுதான். முன்பக்கம் கடைகளுக்கு விடட்டும், அதில்தான் அவர்களுக்குப் பணம். தரைத்தளத்தின் பின்பக்கம் கடைக்காரர்கள் விரும்பாத இடம். அதில் ஒரு கூடமும் ஒரு பட்டறை அறையும் வேண்டும். இப்போதைய வாடகையைப்போல் இரண்டு மடங்கு தருகிறோம், ஐந்து வருட ஒப்பந்தம், அட்வான்ஸை இப்போதே கொடுத்துவிடுகிறோம். அந்த அட்வான்ஸில் பெரும்பங்கு பெற்றோர்கள் போட்டது. ஒரு அம்மா தன் சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்தாள், வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

மூத்த மகன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் "அப்பா இருந்தா உங்களைப் போகச் சொல்லியிருக்க மாட்டார். தம்பிமார்கிட்ட கேட்கணும்" என்றார்.

செப்டம்பர் 3, புதன்

நாளை மறுநாள் திருவோணம். தோவாளையில் பூ வாங்கக் கேரள வண்டிகள் வந்தபடி இருக்கின்றன. தம்பிகள் சம்மதித்துவிட்டார்கள்!

எஞ்சினியர் வரைபடத்தை விரித்தார். என் கூடத்துக்கு நடுவில் இரண்டு தூண். நாட்டடவு ஆடும்போது ஒரு பிள்ளை கை நீட்டினால் தூணில் இடிக்கும் என்று அங்கேயே முட்டை மடக்கி அரைமண்டியில் நின்று காட்டினேன். சிரித்தார், ஆனால் பென்சிலால் தூணைச் சுவரோரம் தள்ளிவிட்டார். டைல்ஸ் வேண்டாம், வழுக்கும், பிள்ளைகளின் முட்டுக்கும் ஆகாது, காவி போட்டுத் தாருங்கள் என்றேன். பட்டறைக்குக் கழிவு வாயு போக ஒரு குழாய். வடக்கில் ஜன்னல், மூன்றடி அகலம், பலகை உயரத்துக்குச் சரியாக. அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் மட்டத்தை டேப்பால் அளந்து கொடுத்தார்.

ஓவியர் வரமாட்டார். பிளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை குறைந்துவிட்டது, கொடைத் திருவிழாக் காலத்தில் கோவில் சுவர்களில் சுடலைமாடன் வரைவதுதான் வருமானம். மார்த்தாண்டத்தில் மகள் வீட்டோடு போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்காக நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

முன்னுதித்த நங்கை அம்மன் நவராத்திரிக்குச் சுசீந்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிற வாரம். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பதிவுக்குப் போய்விட்டது. கட்டி முடிய ஒரு வருடமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை ஒழுகினசேரியில் மாணவி ஒருத்தியின் வீட்டுக் கார் ஷெட்டில் பட்டறை, அவர்கள் மொட்டை மாடியில் என் வகுப்பு.

இன்று முதல் நாள். ஷெட் மேற்குப் பார்த்தது. பத்து மணிக்கு மேல் தகரச் சூடு ஏறுகிறது, மத்தியானம் வெயில் நேராகப் பலகையில் விழுகிறது. "காலைல ஆறுல இருந்து பத்து வரை கல்லு வைக்கிறேன், மிச்ச நேரம் கூடு வேலை பாக்கலாம்" என்றார் அண்ணன். திருச்சூர்ப் பிள்ளை ஒருத்தியின் அரங்கேற்றத்துக்கான ஜடைநாகம் பாதியில் நிற்கிறது. பத்து நாள் தள்ளிப் போகும் என்று அவள் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன்.