பிளாக்ஹீத்: இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில்

டிசம்பர் லீவுக்கு சிட்னியில் உள்ள பிள்ளைகளிடம் போகிற வெள்ளவத்தைக்காரர் பலர் கட்டூம்பாவில் மூன்று சகோதரிப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ரயிலில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் போய் பிளாக்ஹீத்தில் இறங்குங்கள். சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சிட்னி ரயில், பஸ்ஸுக்குப் பாவிக்கும் ஓப்பல் காட் போதும்.

1065 மீற்றர் உயரத்தில், சுற்றிவர யூக்கலிப்டஸ் காடு சூழ்ந்த சின்ன ஊர். உயரத்தில் பண்டாரவளையை விடக் குறைவுதான், ஆனால் அந்தக் குளிரை நினைத்து உடுப்பு அடுக்காதீர்கள். ஜூலை இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே போகும். டிசம்பர் மாலையிலும் சுவெற்றர் வேண்டும்.

பார்க்கவேண்டியது கிராண்ட் கேன்யன் நடைபாதை: 6.3 கிலோமீற்றர், மூன்று நான்கு மணித்தியாலம். சிவனொளிபாதமலையில் கால் தெம்பாக இருக்கும்போது ஏறி, களைத்தபின் இறங்குகிறோம். இங்கே மறுவளம். முதலில் பள்ளத்துக்கு இறக்கம். பன்னங்களும் பாசியும் ஓடையுமாகக் கீழே குளுகுளுவென்று இருப்பதால் தாகமே தெரியாது. எவன்ஸ் லுக்அவுட் என்ற காட்சிமுனைக்கு ஏறும் படிகள் கடைசியில்தான் வரும், பலர் மூச்சுவாங்கி உட்காருவதும் அங்கேதான். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர்; அடியில் நிற்கும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கவேண்டும். மேலே ஊரும் ரோட்டும் இருப்பதால் ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஈரக் கல்லில் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். பள்ளத்தில் ஃபோன் சிக்னலை நம்பமுடியாது. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவக்கூடாது. அகலமான இழுபடும் பண்டேஜால் கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றி, தடி வைத்துக் கட்டி, கடிபட்டவரை அசையவிடாமல் அவசர இலக்கமான 000க்கு அழையுங்கள். இது அந்த நாட்டுப் பாம்புகளுக்கான முறை. நம் கண்ணாடி விரியன் கடிக்கு இப்படிக் கட்டக்கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய பயம் தீ. ஒக்டோபர் முதல் மார்ச் வரை காட்டுத்தீக் காலம். நம்மவர் போகிற டிசம்பர் அதன் நடுவில். இலையில் எண்ணெய், அடியில் உரிந்து காய்ந்த பட்டை. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் மேல்நோக்கி எரியும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். கடைசி ஏற்றத்தில் இளைத்து நிற்பவரால் அதை முந்தமுடியாது. காலையில் 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியில் அன்றைய தீ அபாய அளவைப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' அல்லது 'கெட்டஸ்ட்ரொபிக்' என்றிருந்தால் அன்று ரயிலே ஏறவேண்டாம்.