கடல் வகுப்பு: பட்டாலைக் குறிப்புகள்

மே 6
கோடை விடுமுறைக்கு எங்கள் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், கதை வாசிப்பு. எல்லாம் ஏழு வயதுக்குள் இருக்கும் வாண்டுகள். கடலில் என்னென்ன இருக்கும் என்று கேட்டேன். இறால், நண்டு, நெத்திலி, கணவாய் என்று குழம்புக்கு ஆகிற பட்டியலாகவே வந்தது. சரி, தட்டிலிருந்தே தொடங்குவோம். படப் புத்தகங்கள் எடுத்த எடுப்பில் திமிங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. காரைக்குடிப் பிள்ளைக்குக் கணவாய்தான் சொந்தம்.

மே 8
நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி வந்தேன். ஓட்டுக் கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு அது. ஒரு பக்கம் கெட்டி. மறுபக்கம் நகம் பட்டாலே மாவாக உதிர்கிறது. அண்டாத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. அமுக்கி விட்டாலும் குபுக்கென்று மேலே வருகிறது. முற்றம் முழுக்கத் தண்ணீர். உடைத்து லென்ஸில் பார்த்தோம்: அடுக்கடுக்காக மெல்லிய அறைகள். அந்த அறைகளில் நீரைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் ஏறி இறங்குகிறது.

மூன்று இதயம், நீல ரத்தம் என்றதும் ஒருவன், "அப்ப குழம்பு ஏன் நீலமா இல்ல ஆச்சி?" என்றான். நல்ல கேள்வி. ஆக்சிஜன் சேர்ந்தால்தான் அந்த ரத்தம் நீலம், இல்லாவிட்டால் நிறமே தெரியாது. மிச்சத்தை உங்கள் அம்மா கழுவி ஊற்றிவிடுவார் என்றேன்.

மே 11
சுவர்ப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கிறது என்று சொன்னது வினையாகப் போயிற்று. ஆளாளுக்குச் சுவரைச் சுரண்டுகிறார்கள்.

மே 13
இன்று ஆவுளியா. கடல்பசு என்றதும் கொம்பு எங்கே என்றார்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்கட்டியால் மூன்று மீட்டருக்கு வரைந்தோம். இரண்டு பேர் தலையும் காலுமாகப் படுத்தும் வால் மிச்சம். கடற்புல் மேய்வது, குட்டிக்குப் பால் கொடுப்பது, மூச்சு வாங்க மேலே வருவது எல்லாம் நடித்துக் காட்டியாயிற்று. 2022இல் அதற்கென்றே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல், நமக்குப் பக்கம்தான். கொட்டான் (ஓலைக் கூடை) முடையும் ஆயா வந்து பனையோலையில் வால் முடையக் கற்றுக்கொடுத்தார். தெர்மகோலைவிட ஓலை எவ்வளவோ மேல், குப்பையும் ஆகாது.

மே 15
அடுத்தது சொறிமீன், அதாவது ஜெல்லிமீன். பாலித்தீன் பையில் செய்யலாமே என்றார் ஒரு அம்மா. செய்யலாம். பக்கத்திலேயே வெறும் பை ஒன்றையும் தொங்கவிட்டு, ஆமை எதைத் தின்னும் என்று கேட்கப் போகிறேன்.