டிராயரில் கிடந்த ரைசன் 2600-க்கு மதர்போர்டு தேடிய கதை

என் கம்ப்யூட்டருக்கு 5800எக்ஸ்3டி ப்ராசஸர் வாங்கிப் போட்டபோது கழற்றிய பழைய ப்ராசஸர் ரைசன் 5 2600, ஒரு வருடமாக மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. 2018-இல் வந்த சரக்கு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். படிக்கிற பையனுக்கு இன்றைக்கும் தாராளம். அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதை வச்சு எனக்கு ஒண்ணு கட்டித் தாங்களேன்" என்றான். ரேம், பவர் சப்ளை, பழைய ஆர்எக்ஸ் 560 கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் இருந்தன. மதர்போர்டுதான் இல்லை. அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ரெண்டு வருஷம் கழிச்சு நானே நல்ல ப்ராசஸர் வாங்குவேன். அப்ப போர்டை மாத்தக் கூடாது."

ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட்தானே, எந்த போர்டிலும் உட்காரும் என்று அலட்சியமாகத்தான் தொடங்கினேன். கண்ணில் முதலில் பட்டது பி550 சிப்செட் போர்டு. புதுசு, கார்டும் எஸ்எஸ்டியும் வேகமாகப் பேசும் பிசிஐஇ 4.0 உண்டு, பெயரைக் கேட்டாலே எதிர்காலம் தெரிகிறது. வாங்கப் போகிற கடைசி நேரத்தில் போர்டு கம்பெனியின் ப்ராசஸர் பட்டியலைத் திறந்தேன். 3600 இருக்கிறது, 5600 இருக்கிறது, 2600-ஐக் காணோம். பி550-க்கு அதிகாரபூர்வ ஆதரவு ரைசன் 3000 வரிசையிலிருந்துதான். சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், திரையில் ஒன்றும் வராமலே போகலாம். எக்ஸ்570 என்ற உயர்ரகப் போர்டு 2000, 5000 வரிசை இரண்டையும் ஏற்கும். ஆனால் பழைய ப்ராசஸருக்காக அவ்வளவு செலவழிப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. ஏ320 மலிவு, ஆனால் நான் பார்த்தவற்றில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி, சூட்டை இறக்கும் உலோக ஹீட்சிங்க்கூட இல்லாமல் மொட்டையாக நின்றது. நாளைக்கு 105 வாட் ப்ராசஸர் வந்தால் அது படும் பாட்டை நினைத்து ஒதுக்கினேன்.

(இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. 1151 என்ற ஒரே சாக்கெட் எண்ணில் இரண்டு உலகங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை 100, 200 வரிசை போர்டுகளுக்கு. எட்டும் ஒன்பதும் 300 வரிசைக்கு. எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள்.)

ஆக, பி450. அதற்குள்ளும் சல்லடை போட வேண்டியிருந்தது. 2020 மே மாதம், அடுத்து வரும் ப்ராசஸர்கள் (பிறகு 5000 வரிசையாக வந்தவை) பி450 போன்ற 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் பின்வாங்கியது. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, போர்டை எழுப்பிவிடும் மென்பொருளான பயாஸ் இருக்கும் சிப்பின் இடப் பற்றாக்குறை. பல போர்டுகளில் 16 எம்பிதான். புதிய ப்ராசஸர்களுக்கு இடம் கொடுக்கப் பழையவற்றை வெளியே தள்ளும் பயாஸ்களும் வந்தன. எனக்குத் தேவை 2600, 5000 வரிசை இரண்டையும் ஒரே பயாஸில் ஏற்கும் போர்டு. அதனால் 32 எம்பி சிப் இருக்கிறதா என்று பார்த்தேன். எம்எஸ்ஐ பி450 போர்டுகளில் பெயருக்குப் பின்னால் 'மேக்ஸ்' என்று வருபவை அப்படிப்பட்டவை. நான்கு ரேம் ஸ்லாட், விஆர்எம் மேல் ஹீட்சிங்க், ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் பின்பக்கப் பட்டன், இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆர்ஜிபி விளக்கு, வைஃபை பற்றியெல்லாம் கவலைப்படவில்லை.

பழைய போர்டாகத்தான் வாங்கினேன். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன, சாக்கெட்டில் வெறும் துளைகள்தான். எனவே இன்டெல் போர்டு மாதிரி சாக்கெட் பின் வளைந்திருக்குமோ என்ற பயம் குறைவு. போர்டின் முன்பக்கப் படங்களை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தேன். தப்பு. பார்சலைப் பிரித்தால், பின்னால் இருக்க வேண்டிய, கூலரைத் தாங்கும் தகடான பேக்பிளேட் இல்லை. முன்பக்க பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றினால் அந்தத் தகடு தானாக விழுந்துவிடும். விற்றவர் அது தன் கூலரோடது என்று நினைத்துவிட்டாராம். அது இல்லாமல் 2600-உடன் வந்த கூலரின் நான்கு திருகுகளுக்கும் பிடிமானமே கிடையாது. தகடு வந்து சேர இன்னொரு வாரம்.

அந்த வாரத்தில்தான் என் பங்குத் தவறு வெளியே வந்தது. முன்பு கழற்றும்போது கூலரை நேராக இழுத்திருந்தேன். கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, சாக்கெட்டின் பிடியை விடுவிக்கும் லீவரைத் தூக்கும் முன்பே ப்ராசஸர் சாக்கெட்டோடு சண்டை போட்டு வெளியே வந்தது. அன்று நன்றாகப் பார்க்காமல் டிராயரில் போட்டுவிட்டேன். இப்போது விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு பின்கள் பக்கத்து வரிசையின் மேல் சாய்ந்திருக்கின்றன. லெட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குழாயை ஒரு பின்னில் மாட்டி, நெல்முனை அளவுக்கு நிமிர்த்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி மாட்டி... மூச்சை அடக்கிக்கொண்டு இருபது நிமிடம். கடைசியில் அழுத்தாமலே சாக்கெட்டுக்குள் தானாக இறங்கியது.

ப்ராசஸரைப் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்தேன். ஃபேட்32 செய்த பென்டிரைவில் கோப்பு, கம்பெனி சொல்லும் பெயர், பவர் சப்ளையிலிருந்து 24 பின் கேபிள், ப்ராசஸர் கேபிள், பிறகு பட்டன். உள்ளிருந்தே ஏற்றியிருக்கலாம்தான், இக்கட்டில் கைகொடுக்க வேண்டிய பட்டன் வேலை செய்கிறதா என்று அன்றே தெரிந்துகொள்ள விரும்பினேன். சிவப்பு விளக்கு மினுங்கியது, சில நிமிடத்தில் அணைந்தது.

முதல் தடவை ஆன் செய்ததும் கறுப்புத் திரை. மருமகன் மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐ-யில் சொருகியிருந்தான். 2600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்தத் துளை வெறும் அலங்காரம். கேபிளைக் கார்டுக்கு மாற்றினோம். ரேமைப் பழகிக்கொள்ள அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, பயாஸ் திரை வந்தது.

இப்போதே 5700எக்ஸ்3டி பார்த்துக்கொண்டிருக்கிறான். அதை வாங்கும் நாளில் 2600 என் டிராயருக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூலரை இழுக்காமல், சூடாக இருக்கும்போதே இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும் என்றும்.