குளிர் போகிற நேரத்தில் ஸ்வெட்டர் பிரிப்பது

தில்லியில் பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்துதான், கம்பளித் துணிகளை எடுத்து உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்று. எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியைக் கேட்டால் வசந்த பஞ்சமி அன்றைக்கே "ஆயா பசந்த், பாலா உடந்த்" என்று கையை வீசிவிடுவார். வசந்தம் வந்தாயிற்று, பனி பறந்தாயிற்று, அவ்வளவுதான் அவர் கணக்கு. மாமனார் கும்பகோணத்துக்காரர். மத்திய அரசு வேலைக்கு இங்கே வந்து, ரிடையரும் ஆகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவருக்குத் தமிழ் மாதம்தான் பேசும். "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்மா" என்பார். காரடையான் நோன்புக்கு வெல்ல அடையும் உப்படையும் வெண்ணெயோடு சாப்பிட்டு, பங்குனி பிறந்து, அப்புறம்தான் குரங்குக் குல்லா தலையை விட்டு இறங்கும்.

இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்பதுதான் தொல்லை. மத்தியானம் மொட்டை மாடியில் நின்றால் வியர்க்கிறது, காலையில் பால் வாங்கக் கீழே போனால் காது சில்லிடுகிறது. நடுவில் மலைப்பக்கம் பனி கொட்டி இங்கே ஒரு மழை பெய்துவிட்டால், மடித்து வைத்த ரஜாயை, அந்தப் பஞ்சு மெத்தைப் போர்வையை, மறுபடி திவான் கட்டிலுக்குள்ளிருந்து இழுக்க வேண்டும். தில்லி வசந்தமே கொஞ்சம் குழப்பமான பேர்வழி. முள்ளிலவு மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும், அதே சமயம் அரசும் வேம்பும் சருகைக் கொட்டிக்கொண்டிருக்கும், பெருக்கி மாளாது.

இந்த இரண்டுங்கெட்டான் வாரங்களுக்கென்றே இருப்பது ஹாஃப் ஸ்வெட்டர். கை இல்லாதது, வி கழுத்து, சட்டைக்கு மேலே போட்டு பதினோரு மணிக்குக் கழற்றி நாற்காலி முதுகில் தொங்கவிடுவது. என்னைக் கேட்டால் தில்லிக்குப் பின்ன வேண்டிய ஒரே உருப்படியான உடுப்பு அதுதான். முழுக்கை ஸ்வெட்டரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், லூதியானா சரக்கு எல்லா மார்க்கெட்டிலும் குவிந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னினாலும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போக முடியாது, பள்ளிக்கூடத்தில் சொல்கிற கடையில் அவர்கள் சொல்கிற நீலத்தில் வாங்கியாக வேண்டும். ஆசை ஆசையாகப் பின்னியதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண வீடும்தான் கதி.

எல்லாரும் அக்டோபரில் சலாயை, அதாவது பின்னல் ஊசியை, கையில் எடுப்பார்கள், ஜனவரியில் வெயிலில் உட்கார்ந்து முடிப்பார்கள். நான் பிப்ரவரியில்தான் தொடங்குவேன். அவசரம் இல்லை என்பது முதல் காரணம். குளிரில் நடுங்குகிற பிள்ளைக்குப் பின்னும்போது "அம்மா எப்போ முடியும்" என்று தினமும் கேள்வி வரும், அடுத்த வருஷத்துக்குப் பின்னும்போது ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவது, கடைக்காரர்கள் மிச்ச ஊலை, கம்பளி நூலைத்தான் இங்கே அப்படிச் சொல்வது, தள்ளிவிடப் பார்ப்பார்கள். மிச்சச் சரக்கில் ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவை சாயம் போட்டதில், எட்டு பத்து கோலா (நூல் உருண்டை) கிடைக்காது, ஒரு நிறத்தில் மூன்று இன்னொன்றில் இரண்டு என்றுதான் தேறும், லாட் மாறினால் அதே மெரூன்கூட வெயிலில் வேறாகத் தெரியும். அதனால் கோடு போட வேண்டியதுதான். பழைய ஆல்பங்களில் பிள்ளைகள் எல்லாம் கோடு போட்ட ஸ்வெட்டரில் நிற்பது ஃபேஷனால் மட்டும் இருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. இது பிரிக்கிற காலம். பையனுக்கு ஏழு வயது, போன வருஷம் மணிக்கட்டு வரை இருந்த கை இந்த வருஷம் முழங்கையை நோக்கிப் போகிறது. அந்தப் பச்சை ஸ்வெட்டர் நல்ல ஊல், தூக்கிப் போட மனசு வராது. பெட்டியில் வைப்பதற்கு முன்னால் எது அடுத்த வருஷம் பத்தாது என்று பார்த்து, பத்தாததை இப்போதே பிரித்துவிட்டால் வெயிலும் இருக்கிறது, நூல் காய்வதற்கு.

பிரிப்பதை ஆன்ட்டியிடம்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பக்கத் தையலைத் தேட வேண்டும், பின்னல் எது தையல் நூல் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும், லேசாக இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால் ஏணிப்படி போல நடுவில் ஒரு நூல் தெரியும், அதை மட்டும் நறுக்க வேண்டும். கை இரண்டும் தனி, முன் பல்லா தனி, பின் பல்லா தனி, பல்லா என்றால் உடம்பின் ஒரு பக்கத்துத் துண்டு. அப்புறம் முடித்த பக்கத்திலிருந்து, அதாவது தோள்பட்டையிலிருந்து கீழ்நோக்கிப் பிரிக்க வேண்டும். கீழே பார்டரில் ஆரம்பித்தால் ஃபந்தாவுக்கு ஃபந்தா, பின்னலின் கண்ணிக்குக் கண்ணி, சிக்கும். மேலேயிருந்து பிடித்தால் சரசரவென்று வரிசை வரிசையாக ஓடி வருகிறது, அதில் ஒரு அல்ப சந்தோஷம் இருக்கிறது, பையன் அதற்காகவே ஹோம்வொர்க்கை முடித்துவிட்டு வந்து நிற்பான்.

கடையில் வாங்கிய ஸ்வெட்டரைப் பிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்திருந்தால் அது பின்னிய துணியை வெட்டித் தைத்தது, பிரித்தால் வரிசைக்கு ஒரு துண்டாகத்தான் நூல் வரும், தலையணைக்குள் அடைக்கலாம்.

பிரித்த நூல் நெளிநெளியாக, சூடான நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அப்படியே எடுத்துப் பின்னினால் ஃபந்தா ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். நாற்காலி முதுகிலோ யாராவது நீட்டிய கைகளிலோ சுற்றி லச்சியாக்கி, அதாவது வளையமான நூல்கற்றையாக்கி, நான்கு இடத்தில் வேறு நிற நூலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் போட்டதும் காக்காய் கூடுதான். எங்கள் வீட்டில் கை நீட்டுவது மாமனார். தினசரியைப் படிக்க முடியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்த நேரத்தில் அவருக்கு ஊர்க்கதையெல்லாம் ஞாபகம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஈஸி, கம்பளி துவைக்கிற சோப்புத் திரவம், விட்டு ஊற வைத்து, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி எடுத்து, கம்பியில் தொங்கவிட்டு அடியில் ஏதாவது சின்னக் கனம் மாட்டிவிட்டால் நெளிவு ஓரளவு போய்விடும். கொதிக்கிற கெட்டிலின் ஆவியிலும் சிலர் காட்டுவார்கள், நிஜக் கம்பளிக்கு அது பரவாயில்லை, அக்ரிலிக்காக இருந்தால் சூடு மிஞ்சியதும் உயிர் போன மாதிரி தொளதொளத்துவிடும், பிறகு எதற்கும் திரும்பி வராது.

இந்தப் பச்சையில் முழங்கைப் பக்கம் நைந்த நூலைக் கழித்துவிட்டதால் ஒரு பல்லாவுக்கு மேல் கொஞ்சம்தான் தேறும். கடையில் கடுகுப் பூ மஞ்சளில் மூன்று கோலா கிடைத்தது. பச்சை, மஞ்சள், பச்சை. பையனிடம் கேட்டேன், "கிரிக்கெட் டீம் மாதிரி இருக்கும்" என்றான், எந்த டீம் என்று கேட்கவில்லை.

பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. அவள் ராத்திரி படிக்கும்போது தனியாக உட்கார மாட்டாள், யாராவது கூட இருக்க வேண்டும், ஆனால் பேசக் கூடாது, ஃபோன் பார்க்கக் கூடாது, தூங்கி விழவும் கூடாது. இந்த நிபந்தனைகளுக்குப் பின்னலைத் தவிர வேறு வேலை உலகத்தில் இருக்கிறதா தெரியவில்லை. முதல் நாள் அலுமினிய சலாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஒன்றோடொன்று மோதி டிக் டிக் என்றது. டிரிகோனோமெட்ரியிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து மூங்கில் சலாய். சத்தமே வராது, வழுக்காது, கொஞ்சம் மெதுவாக நகரும், ஆனால் சமூக அறிவியல் பாடங்கள் அத்தனைக்கும் ஈடு கொடுத்தது. பார்டர் முழுக்க ஒரு சீதா ஒரு உல்டா, நேர்க்கண்ணி ஒன்று தலைகீழ்க் கண்ணி ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு போடலாம், அவள் சத்தமாக ஒப்பிக்கும்போது கேட்டு எங்கே தடுக்குகிறது என்று சொல்லவும் சொல்லலாம்.

சலாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் இணையத்தில் வெளிநாட்டு டிசைன் பார்த்துப் பின்னுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர், எண் ஏற ஏற சலாய் மெலியும். பார்டருக்கு 12, அது 2.75 மில்லிமீட்டர். உடம்புக்கு 10, அது 3.25. அமெரிக்க நம்பர் நேர் எதிர், ஏற ஏறத் தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர், நம்முடைய 8 வெறும் 4. நாத்தனார் நியூஜெர்ஸியிலிருந்து ஒரு தொப்பி டிசைன் அனுப்பியிருக்கிறாள், அதில் 8 என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அப்படியே நம் 8ஐ எடுத்தால் பொம்மைக்குத்தான் ஆகும். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள், நம்பரை விட்டுவிடுங்கள்.

பெட்டியில் வைக்கும் வேலை ஹோலி முடிந்து ஆரம்பிக்கும். ஹோலிகாவை எரித்த ராத்திரியோடு குளிரும் போய்விட்டது என்பது ஆன்ட்டியின் கடைசித் தீர்ப்பு, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் சிரிப்பார். துவைக்காமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள். கம்பளியைத் தின்பது அந்தப் பூச்சியின் புழு, அதற்கு வியர்வையும் சாம்பார் கறையும் பட்ட இடம்தான் முதலில் பிடிக்கும். நாஃப்தலின் உருண்டை போட்டால் நவம்பரில் எத்தனை வெயிலில் காயப் போட்டாலும் நாற்றம் விடாது. நான் காய்ந்த வேப்பிலையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து போடுகிறேன், மாமனார் வேட்டிகள் நைந்தால் எனக்குத்தான் லாபம்.

அவருக்கு இந்த முறை ஒரு ஹாஃப் ஸ்வெட்டர், சாம்பல் நிறத்தில், புது ஊல். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, முன் பல்லாவில் பாதி வந்த பிறகு பாக்கெட் வேண்டும் என்கிறார். மூக்குக் கண்ணாடி வைக்க ஒன்று, மெட்ரோ கார்டு வைக்க ஒன்று. "மெட்ரோவில் எங்கேப்பா போறீங்க" என்றால், மலை மந்திரில், இங்கே இருக்கிற முருகன் கோயிலில், பங்குனி உத்திரத்துக்குப் போக வேண்டாமா என்கிறார். அன்றைக்கு இருக்கிற வெயிலுக்கு யார் ஸ்வெட்டர் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, பிரிக்க வேண்டாம், பாக்கெட் வாய் வருகிற இடத்தில் இருபத்துநாலு ஃபந்தாவைத் தனி ஊசியில் நிறுத்திவிட்டு, உள்பை ஒன்றைத் தனியாகப் பின்னிக் கொண்டுவந்து அந்த இடத்தில் சேர்த்துக்கொண்டு மேலே போ என்றார். உள்பை ஒன்று முடிந்துவிட்டது. மெட்ரோ கார்டை வைத்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது, கண்ணாடிக் கூடு மட்டும் பாதி வெளியே நிற்கிறது.