லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு மாற்று றிம்: ஹப்பை அளந்து தெரிந்தது

கிளிநொச்சிப் பக்கம் லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பின்னால் நெல் ஏற்றி ஓடும் இழுவைப் பெட்டி. அச்சு பட்டறையில் அடித்தது. ஹப், அதாவது அச்சு முனையில் றிம் பூட்டும் பாகம், எந்த வாகனத்தில் கழற்றியதோ தெரியாது. றிம் இரண்டும் நட் துளையைச் சுற்றி வெடித்துவிட்டன. பழைய சாமான் கடையில் "அஞ்சு நட் றிம்" என்று கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். ஆகவே முதலில் ஹப்பை அளந்தோம்.

நாலு, ஆறு நட் ஹப்பில் நேரெதிர் ஸ்ரட்டுகளின் (நட் ஏறும் புரி ஆணிகளின்) நடுவுக்கு நடு அளந்தால் நட் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். ஐந்தில் நேரெதிர் இல்லை. ஒரு ஸ்ரட்டை விட்டு அடுத்ததற்கு அளந்து 1.0515 ஆல் பெருக்க வேண்டும். நடுவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒன்றின் வெளிவிளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்புக்கு அளந்தாலும் அதே தூரம்தான். வந்தது 108.7 மிமீ, பெருக்கினால் 114.3, அதாவது நாலரை அங்குலம். யப்பான் வாகனங்களில் தாராளமாகக் கிடைக்கும் அளவு.

(நாலு நட்டில் 100 மிமீயும் நாலு அங்குலமும், அதாவது 101.6, ஒன்றல்ல. வருத்தி ஏற்றினால் ஏறும். ஓட ஓட நட் இளகும்.)

முதல் றிம்மில் நட் வட்டம் சரி, நடுத்துளை ஹப் கழுத்தைவிடச் சின்னது. முகம் ஒட்டாமல் இடைவெளி நின்றது. நட்டால் இழுத்து இறுக்கினால் றிம் முகம் வளைந்து வெடிக்கும், அது கழிந்தது. துளை கொஞ்சம் பெரிதென்றால் பாதகமில்லை, கூம்பு நட் நடுவுக்குக் கொண்டுவரும். தட்டை வாசர் நட்டுக்குச் செய்த றிம்மில் கூம்பு நட் போடக்கூடாது.

அடுத்தது கார் அலோய் றிம், ஓவ்செற் +40, அதாவது ஹப்பில் ஒட்டும் முகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து 40 மிமீ வெளிப்பக்கம். பூட்டினால் ரயர் பெட்டிப் பக்கம் உள்ளே போய், சுமையில் வில் பணியும்போது உரசும். இடையில் தகடு வைக்கச் சொல்வார்கள். ஸ்ரட்டில் நட் பிடிக்கும் புரி குறைந்துவிடும், வேண்டாம். பூச்சியத்துக்குக் கிட்டிய ஓவ்செற் உள்ள இரும்பு றிம்மே பொருந்தியது.

நட்டின் புரியையும் பாருங்கள்: 12 மிமீ ஸ்ரட்டில் புரி இடைவெளி 1.5 மிமீ, 1.25 மிமீ இரண்டும் உண்டு. கையால் கடைசிவரை ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்ற வேண்டாம்.

ரயரின் பக்கத்தில் சுமை எண் 88 என்றிருந்தால் ஒன்று தாங்குவது 560 கிலோ, இரண்டும் 1120. பெட்டி 300 கிலோ என்றால் 65 கிலோ மூட்டை பன்னிரண்டுடன் முடிந்தது. 106 என்றால் ஒன்றுக்கு 950. றிம்மும் அதைத் தாங்க வேண்டும்.

பூட்டுமுன் ஹப் முகத்திலும் றிம் முகத்திலும் துருவையும் தடித்த பெயின்ற்றையும் சுரண்டுங்கள். பெயின்ற் நசுங்கினால் நட் தானாக இளகும். குறுக்கு மறுக்காக இறுக்கி, சுமையோடு ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஸ்பனர் வைக்க வேண்டும்.