ஜிப்ஸிக்கு டீசல் இன்ஜின் ஏற்றும் திட்டம்

என் மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றலாம் என்று இருக்கிறேன். சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் இன்ஜின் கிடைத்துவிடும், ஆனால் கியர்பாக்ஸையும் அதே வண்டியிலிருந்து ஜோடியாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச், ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) என்று ஒவ்வொன்றுக்கும் லேத் பட்டறைக்கு அலையணும். ஜிப்ஸியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்! இரண்டுக்கும் நடுவிலுள்ள குட்டி ஷாஃப்டை அளவுக்குச் செய்துகொள்ளலாம். டீசலின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லை குறைவு, அதனால் டிஃபரென்ஷியல் விகிதத்தை (சக்கர அச்சிலுள்ள பல்சக்கர விகிதம்) அப்படியே விட்டால் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்திக்கொண்டேதான் ஓடும். கூடுதல் எடைக்கு முன்பக்கப் பட்டை ஸ்பிரிங்கையும் பார்க்கணும்.

அப்புறம் ஆர்டிஓ. வண்டியில் மாற்றம் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இருக்கிறது. அனுமதி கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டேன்.